கச்சேரியின் வரலாறு: ஊவாவை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

பதுளை நகரின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் இரண்டினை முதலில் நாடுவர். ஒன்று 1857இல் எழுந்த புனித மாற்கு தேவாலயம். மற்றையது 1889இல் அமைக்கப்பட்ட வெலேகடைச் சந்தை. இரண்டுக்கும் ஆண்டு உண்டு. கண்ணைக் கவரும் வடிவும் உண்டு. ஆனால் இந்நகரின் மக்களும், நகரைச் சூழ்ந்த மலைகளின் தோட்ட மக்களும், மொனராகலைப் பக்கத்துச் சிற்றூர் மக்களும் தலைமுறை தலைமுறையாகத் தம் வாழ்வின் முக்கிய தினங்களில் சென்று காத்துநின்ற கட்டடம் இவையிரண்டும் அல்ல, கச்சேரியே அக்கட்டடம். அதனைப் பற்றி எழுதுவோர் இன்னும் அதனைக் கட்டியோரின் நோக்கிலேயே எழுதி வருகின்றனர் என்பதும், அந்நோக்கு போதாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. 'கச்சேரி' என்பது தமிழுக்கும் சிங்களத்துக்கும் உரிய சொல்லன்று. வட இந்திய மொழிகளில் நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் குறித்த சொல், ஆட்சியாளரின் வழியாகத் தெற்கே வந்து, தமிழ்நாட்டில் தாலுகாக் கச்சேரியாயிற்று, பாட்டுக் கச்சேரியுமாயிற்று. இலங்கையில் அது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கே சிறப்பாக உரிய பெயராகி, ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஒரே ஒலியுடன் வழங்கலாயிற்று. மூன்று மொழியாருக்கும் பொதுவான சொல்லைத் தாங்கிய அக்கட்டடத்தினுள்ளே ஒரு காலத்தில் ஒரே ஒரு மொழியில்தான் அலுவல் நடைபெற்றது. 1956க்குப் பின்னர் அம்மொழி வேறொன்றாயிற்று. எனினும் ஒன்று என்ற எண்ணிக்கை நெடுங்காலம் மாறவில்லை. இன்று பெயர்ப்பலகையில் 'மாவட்டச் செயலகம்' என்று எழுதப்பட்டிருப்பினும் பேச்சு வழக்கில் அது கச்சேரிதான்.

ஊவாவில் இவ்வமைப்பு வேரூன்றிய விதத்தினை அறிய 1817ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரியான சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் வெல்லஸ்ஸைப் பகுதியில் கொல்லப்பட்டார். இலட்சம் வயல் எனப் பொருள்படும் பெயர்கொண்ட அவ்வெல்லஸ்ஸை, இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதியாகும். அங்கு வாழ்ந்த முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பாரை முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்தமை அப்பகுதிப் பிரதானிகளிடையே கசப்பை வளர்த்தது. கிளர்ச்சியை அடக்கும்படி அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல தாமே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். 1818 நவம்பரில் தலை துண்டிக்கப்பட்டு மரணதண்டனைக்குள்ளானார். அதே மாதம் 21ஆம் திகதி தேசாதிபதி பிரவுண்றிக் வெளியிட்ட பிரகடனம், கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்தைச் சுருக்கி, நீதியையும் இறைவரியையும் பிரித்தானிய முகவர்களின் கையில் ஒப்படைத்தது. முகவர் அமரும் இடமே கச்சேரி. ஆகவே மலைநாட்டுக் கச்சேரி ஒரு போரின் முடிவில், வென்றவரின் மேசையாகத் தொடங்கிய நிறுவனமாகும். வெல்லஸ்ஸையின் அலுப்பொத்தையில் படைநிலை அமைந்தமையையும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். கட்டடக்கலை நோக்கில் மட்டும் எழுதுவோர் இத்தொடக்கத்தைத் தவறவிடுவர். அவர்கள் காண்பது தூணும் ஓடும் மட்டுமே.

கச்சேரியைப் பற்றி எழுதியவர்களுள் முதல்வர் கச்சேரியில் இருந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் 'கையேடு' எழுதும் வழக்கம் இலங்கைச் சிவில் சேவையாளரிடையே தோன்றிற்று. சென்னை மாகாணத்தில் நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு போன்றவை இதற்கு முன்மாதிரியாய் அமைந்தன எனலாம். 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டுப் பதுளை அதன் தலைநகராயிற்று. ஏழாண்டுகளின் பின், 1893இல், ஹேர்பேட் வைற் ஊவா மாகாணக் கையேட்டினை வெளியிட்டார். அதே ஆண்டில் நுவரெலியாவுக்கு லெ மெசூரியரும், 1895இல் வன்னிக்கு லூயிசும், 1899இல் வடமத்திய மாகாணத்துக்கு ஐவர்சும் எழுதினர். இந்நூல்களின் பயனை மறுப்பதற்கில்லை. நிலம், நீர், வரி, சாதி, வழக்காறு பற்றிய எத்தனையோ செய்திகள் இவை இல்லையெனில் எமக்குக் கிட்டா. ஆயின் இவ்விலக்கிய வகைக்கு ஒரு நிலையான நோக்கு உண்டு. நூலாசிரியர் கச்சேரி விறாந்தையில் நின்றுகொண்டு வெளியே பார்க்கிறார். வெளியே உள்ளவை யாவும் அவருக்கு விடயம். தாம் நிற்கும் விறாந்தை மட்டும் விடயமன்று. இந்திய வரலாற்றாசிரியர் இரணஜித் குகா 1983இல், கிளர்ச்சிகள் பற்றிய அரச ஆவணங்களின் நடையே ஒரு தரப்பினை எடுத்துவிடுகின்றது என்று காட்டினார். கிளர்ச்சியற்ற காலத்தின் அமைதியான கையேட்டுக்கும் அக்கருத்துப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பதுளையின் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்ற இவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். முன்னர் குறித்த புனித மாற்கு தேவாலயம் இவர் நினைவாக எழுந்ததே. யானைகளின் கணக்கைப் பற்றியும் இடியைப் பற்றியும் கூறாத பயண நூல் அரிது. வீதிகளை அமைத்தவர் என்ற புகழும் இவருக்குண்டு. வீதியை அமைத்தவர் என்ற தொடரின் எழுவாயை நாம் சற்று நிறுத்திக் கேட்கவேண்டும். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னர் இலங்கையின் மலை வீதிகளை வெட்டியதில் பெரும்பங்கு, தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட பயனியர் படையினருடையது. அவர்களுள் ஒருவருக்கேனும் நினைவுக் கல்லில்லை. கச்சேரிக்குப் போகும் பாதையை வெட்டியோரின் மரபினரே பின்னர் அப்பாதையால் நடந்துவந்து கச்சேரி வாயிலில் காத்துநின்றனர்.

அக்காலக் கச்சேரியின் முதற் பெருந்தொழில் காணி விற்பனையாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாகக் கொண்டது. ஏக்கர் ஒன்று 5 சிலிங்காகவும், 1844 முதல் ஒரு பவுணாகவும் விலை நிர்ணயமாகி ஏலத்துக்கு வந்தது. வாங்கியோர் கோப்பித் துரைமார். அவர்களுள் சிவில் சேவை உத்தியோகத்தரும் அடங்குவர். விற்பவனும் வாங்குபவனும் ஒரே மேசையின் இரு பக்கங்களிலும் மாறி மாறி அமரத்தக்க காலமாக அது இருந்தது. கிராமத்தவனின் சேனை நிலம் கைமாறியதும், அதில் வேலைசெய்யக் கடல் கடந்து ஆள் திரட்டப்பட்டதும் அம்மேசையின் விளைவுகளே. ஊவாவின் சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் தம்முள் ஒருவரையொருவர் ஐயுற்ற காலங்களில், இருவருடைய நிலைக்கும் காரணமான ஏலம் ஒரே கூரையின் கீழ் நடைபெற்றது என்பதை எவரும் எடுத்துரைக்கவில்லை.

இனிக் கட்டடத்தின் அமைப்பைப் பார்ப்போம். குடியேற்றக்காலக் கச்சேரிகள் யாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட விறாந்தை, உள்ளே திறைசேரிப் பணத்துக்கு ஓர் இறுகிய அறை, ஆவணங்களுக்கு வேறோர் அறை. பணத்தையும் தாளையும் காப்பதற்காக அமைந்த கட்டடம் இது. மனிதர் நிற்பதற்கென ஒதுக்கப்பட்டது விறாந்தை ஒன்றே. வெயிலுக்கும் மழைக்குமான அடக்கமாக விறாந்தையைப் புகழ்ந்து எழுதுவது கட்டடக்கலை நூல்களின் வழக்கம். அது உண்மைதான். ஆனால் அது உள்ளே அழைக்கப்படாதவர்கள் நிற்கும் இடமுமாகும்.

தோட்டத் தொழிலாளருக்கு இவ்விறாந்தை வேறொரு வகையில் முக்கியமானது. தோட்டம் தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே வரமுடியாத காலம் ஒன்றிருந்தது, கோ. நடேசையர் போன்ற தொழிற்சங்கத்தார் அத்தடையை எதிர்த்துப் பட்ட பாடு பலரும் அறிந்ததே. அத்தகைய சூழலில் அஞ்சலகம், நீதிமன்றம், கச்சேரி ஆகியனவே துரையின் எல்லைக்கு அப்பால் தொழிலாளி ஒருவன் நிற்கக்கூடிய பொது இடங்கள். அங்கு வரும்போதுங்கூட அவன் கையில் ஏதேனும் ஒரு தாள் இருக்க வேண்டியிருந்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை 'துண்டு' என்ற தாள், அவன் கடனைக் குறித்து, அதனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்லமுடியாதவாறு அவனைக் கட்டியிருந்தது. தோட்டத்துப் பிறப்பையும் இறப்பையும் தோட்ட நிர்வாகமே அறிவிக்கும் முறை வழங்கியமையால், பிறந்த குழந்தையின் பெயரே கிளாக்கரின் காதில் விழுந்தபடி எழுத்தாயிற்று. இராமாயி இரமாயியாவதும், ஒரே தந்தையின் மக்கள் மூவருக்குத் தந்தை பெயர் மூன்று விதமாய் அமைவதும் இவ்வழி வந்தவை. இதனை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்போர் உளர். பின்னர் நடந்தவற்றை அறிந்தோர் சிரியார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து சென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. வாக்களித்து ஒருவரை அனுப்பியோர், தாம் இந்நாட்டவர் என்பதைத் தாளினால் நிறுவவேண்டியவராயினர். மணமாகாதவர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் 10 ஆண்டுகளும், மணமானவர் 7 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையைக் காட்டல் வேண்டும். அம்மாதிரிச் சான்று எங்கே இருந்தது? தோட்டத்துச் செக்றோலில், அது நிர்வாகத்தின் கையில். பதிவாளரின் ஏட்டில், அது கிளாக்கரின் எழுத்தில். 1951 ஆகஸ்டு 5ஆம் திகதிக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன; அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாந்தரைக் குறித்தவை. அச்சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் விடயம் 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கையில் எண்ணாக மாறிற்று: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர் தீர்மானிக்க 1,50,000. அப்பின்னதும் 1974இல் சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை நாடற்றோர் என்ற சொல் நம்மிடையே வழக்கிலிருந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறியமையால் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகிய குடும்பம் ஒன்றையேனும் அறியாத மலையக வாசகர் இரார்.

இக்காலக் கச்சேரிக்கு இணையாகக் கடலுக்கு அப்பால் ஒரு கட்டடத் தொகுதியைக் குறிப்பிடல் தகும். இராமேசுவரத்துக்கு இப்பால் உள்ள மண்டபத்தில், இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தொற்றுநோய்க்காகத் தடுத்துவைத்துச் சோதிக்க ஒரு முகாம் இருந்தது. 1964 உடன்படிக்கையின் பின்னர் திரும்பிச் சென்றோர் தங்கிய இடைத்தங்கல் முகாமும் அதுவே. 1983க்குப் பின்னர் அகதிகள் வந்து சேர்ந்ததும் அவ்விடத்துக்கே. பாட்டன் போகக் காத்திருந்த இடத்தில் பேரன் வந்து காத்திருந்தான். இத்தகைய ஒரு தொகுதியின் வரலாற்றை அதன் கட்டட முறையைக் கொண்டு எழுதுவார் எவருமிலர். அதன் வழியாகச் சென்றோரைக் கொண்டே எழுதுவர். மண்டபத்துக்கு இயல்பாகத் தோன்றும் இம்முறை பதுளைக்கு ஏன் தோன்றவில்லை?

ஒருவேளை, ஏனைய தமிழ்ப் பகுதிகளின் கச்சேரிகளை எழுதிய பழக்கம் நம்மை வழிநடத்தியிருக்கலாம். யாழ்ப்பாணத்தார் கச்சேரி என்றதும் பழைய பூங்காவையும், 1829 முதல் 1867 வரை அங்கே ஆண்ட டைக் துரையையும் நினைப்பர். மட்டக்களப்பிலோ 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையினுள்ளேயே கச்சேரி நெடுங்காலம் இயங்கிற்று. அங்கே கட்டடமே கதை சொல்லும். அம்மாவட்டத்துக்கு எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் தனிநூலும் எழுதினார். உள்ளூரார் ஒருவர் கையேட்டு மரபினைத் தம் கையில் எடுத்தமை அது. ஊவாத் தமிழருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. உத்தியோகம் பார்த்த வகுப்பு அவர்களிடையே மிகப் பிந்தியே தோன்றிற்று.

ஆகவே அவர்களுடைய கச்சேரி வரலாறு வேறு இடத்தில் எழுதப்பட்டது: புனைகதையில். இதனை விளக்க அயலிலிருந்து ஓர் ஒப்பீடு உதவும். ஊவாவின் தெற்கெல்லையை அடுத்த அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் லெனாட் வுல்ஃப். தம் பதவிக்குரிய நாட்குறிப்பை அவர் எழுதினார். 1913இல் காட்டுக் கிராமம் ஒன்றினைப் பற்றிய நாவலையும் எழுதினார். நாட்குறிப்பில் அவர் கடுமையான, திறமை மிக்க அதிகாரி. நாவலிலோ, தமக்கு எதிராக என்ன நடக்கின்றது என்றே விளங்காமல் நீதிமன்றத்தில் நிற்கும் கிராமத்தவரின் பக்கத்தில் நிற்கிறார். ஒரே மனிதர், ஒரே நிலம். எழுத்து வகை மாறியதும் கட்டடத்தின் மறுபக்கம் தெரிந்துவிட்டது. ஆயினும் வுல்ஃப் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர். விறாந்தையிலேயே நின்றவரின் எழுத்து அதனினும் வேறானது.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979இல் வெளிவந்தது. உடன்படிக்கையின்படி குடும்பங்கள் கப்பலேறிய காலத்தில் அப்படியொரு தலைப்பு வந்தமையே ஒரு விமரிசனம் எனலாம். அவருடைய தலைமுறையினரின் கதைகளில், நான் வாசித்தவரை, கச்சேரியின் தூணையும் கூரையையும் வருணித்த இடங்கள் அரிது. இதனைக் குறையாகக் கூறும் விமரிசகர்கள் சூழல் சித்திரிப்புப் போதாது என்பர். அது சரியான கணிப்பன்று. அக்கதைகளின் மாந்தருக்குக் கச்சேரி ஓர் இடமாகத் தோன்றுவதில்லை. இழந்த ஒரு நாளாகத் தோன்றுகின்றது. தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். அரைநாள் வேலை அரைப்பேர். கச்சேரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பிழையாய் எழுதப்பட்ட பேரைத் திருத்தப் போய் அன்றைய பேரை இழந்து வருகிறவனின் நிலையை, இவ்விரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்கும் மொழியில்தான் எழுதமுடியும். எந்தக் கையேட்டிலும் இச்செலவு வரவு வைக்கப்பட்டதில்லை.

மொனராகலையைப் பற்றி ஒரு சொல். 1950களின் பிற்பகுதியில் அது பதுளையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மயிற்பாறை என்ற அழகிய பொருளுடைய அவ்வூரின் றப்பர்த் தோட்டங்களில் தமிழர் சிறு தொகையினராகவே வாழ்கின்றனர். கச்சேரி அருகில் வந்ததனால் அவர்களுக்குப் பயணம் குறைந்தது. ஆயின் எண்ணிக்கை குறைந்த இடத்தில் தம் மொழியில் பேசும் உத்தியோகத்தரும் குறைவு. பதுளை விறாந்தையில் தம்மைப் போன்ற நூறு பேரிடையே நின்றவர் இங்கே தனியே நின்றார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ்க் காணியற்றோருக்கு நிலம் பங்கிட நடைபெறும் விசாரணைக்குக் 'காணிக் கச்சேரி' என்று பெயர். கட்டடத்தின் பெயர் இங்கு நிகழ்ச்சியின் பெயராயிற்று. முன்னொரு காலத்தில் நிலத்தை ஏலமிட்ட கச்சேரி இப்போது நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முற்பட்டது பாராட்டுக்குரியதே. ஆனால் நிலம் இழந்த கிராமத்தவரை அழைத்த அக்கச்சேரி, நிலமே அறியாத லயத்தவரைப் பெரும்பாலும் அழைக்கவில்லை.

நிலைமை மாறவேயில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. தோட்டக் குடியிருப்புக்குப் பிரதேச சபை பணம் செலவிடுவதைத் தடுத்துவந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுகள் அதற்குத் தேவைப்பட்டமையையும் குறித்துக்கொள்ளலாம்.

எமது மாணவர்களுள் பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடுவோர் உளர். அதிகாரிகளின் நாட்குறிப்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவற்றை ஆங்கிலம் அறிந்த எவரும் சென்று வாசிக்கலாம். அதற்கு ஈடான மற்றோர் ஆவண அறை மலைகளில் சிதறிக் கிடக்கின்றது. லயத்துக் காம்பிராக்களில், றங்குப் பெட்டியின் அடியில், மடித்த சேலைகளுக்குக் கீழே, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் பிரதியும், கடவுச்சீட்டும், கப்பலேறியவர் எழுதிய கடிதமும் ஒன்றாய்க் கட்டி வைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்காரரின் இசைவுடன் அவற்றைப் படியெடுத்து, எழுத்து வேறுபாடுகளை அவ்வாறே குறித்து, அவற்றுக்கான கதையையும் அவர் வாய்மொழியிலேயே பதிவுசெய்தல் வேண்டும். பசறை, மடுல்சீமை, லுணுகலை, பூனாகலை, மொனராகலை என ஊருக்கு இருவர் போதும். வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னர் தொடங்குதல் நன்று. லயத்துத் தகரம் ஒழுகும்.